நாலு மில்லிமீட்டர் சிவப்பு

சந்துக்குள் நுழையுமுன் அவள் கைப்பையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் பைகளை எடுத்து, செருப்போடு சேர்த்துக் கணுக்கால் வரை மாட்டி, ரப்பர் வளையம் போட்டு இறுக்கிக்கொண்டாள். ஒற்றைக் காலில் நின்று மாட்ட வேண்டியிருந்ததால், பிடிமானத்துக்குச் சந்து முனைப் பலகையின் இரும்புக் காலைப் பற்றிக்கொண்டாள். ஐந்து வாரமாக இதுதான் வழக்கம். பலகை அவள் வேலை பார்க்கும் துறை நட்டது. நீலத்தில் வெள்ளை எழுத்து. நாட்டு முக்கியத்துவம் வாய்ந்த வரலாற்றிடம். எல்லைக்குள் தோண்டினாலோ, கட்டினாலோ, இடித்தாலோ இரண்டு ஆண்டு சிறை. எழுத்துக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், யாரோ வாந்தியெடுத்த தடம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதில் கை படாமல் பிடிக்கவும் அவள் பழகியிருந்தாள்.

சந்தின் ஒரு பக்கம் முழுக்க நாற்பது நாள் வீட்டின் மதில். ஒரு காலத்தில் கப்பலில் வந்து இறங்கியவர்களை நாற்பது நாள் அங்கே அடைத்துவைத்து, நோயில்லை என்று தெரிந்த பிறகே ஊருக்குள் விட்டார்களாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் அந்தக் கூடங்களில் அளவுநாடாவோடு தனியே நடந்திருக்கிறாள். சன்னல் கட்டையில் யாரோ நகத்தால் கீறிய நாள்கணக்கை எண்ணி, முப்பத்தேழோடு அது நின்றுபோனதைப் பார்த்து, அந்த ஆளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று ஒரு மாதம் யோசித்துக்கொண்டிருந்தாள். அப்படி உருகிய இடம். இப்போது அந்த மதில் பக்கம் அவள் முகத்தைத் திருப்புவதேயில்லை.

மறுபக்கம் பதினேழு வீடுகள். நடுவே மூன்று மீட்டர் அகலச் சந்து. சந்து முழுக்கச் சாக்கடை.

தண்ணீர் என்று அதைச் சொன்னால் தண்ணீருக்கு அவமானம். சாம்பல் நிறத்தில், மேலே ஆடை கட்டி, யாரோ உள்ளே மூச்சு விடுவதுபோல் அங்கங்கே குமிழி விட்டுக்கொண்டு கிடந்தது. ஒரு பல் தேய்க்கும் பிரஷ், ஒரு கொத்து முடி, கண் திறந்த பெருச்சாளி ஒன்று. பெருச்சாளி திங்கட்கிழமையிலிருந்து அங்கேயே இருந்தது. இன்று அதற்கு வயிறு பெருத்திருந்தது. மக்கள் செங்கல் போட்டு வழி செய்திருந்தார்கள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கல் கல்லாகத் தாவி ஐந்தாவது வீட்டை அடைந்தாள்.

"பையக் கழட்டாத," என்றாள் அக்கா வாசலிலேயே. "உள்ளயும் அதே கதைதான்."

கூடத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு நின்றது. மாமா தையல்காரர். மெஷினின் நான்கு காலுக்கும் செங்கல் முட்டுக்கொடுத்து, தாமும் ஒரு உயரமான முக்காலியில் ஏறி உட்கார்ந்து, மரத்தில் உட்கார்ந்த பறவைபோல் தைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க கோட்டம்மா," என்றார். அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். நாள் முழுக்கக் கோடு போடுகிறவள் என்று. "வியாபாரம் பிரமாதம். அளவு குடுக்க வர்றவங்க எல்லாரும் ஒரு கையால மூக்கைப் பிடிச்சுக்கறாங்க. போன வாரம் தைச்ச சட்டை அத்தனையும் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை."

அக்கா சிரிக்கவில்லை. அவள் இடுப்பில் குழந்தை. எட்டு மாதம். தவழக் கிளம்பிய நேரத்தில் தரை போய்விட்டது. அன்று முதல் இடுப்பு, கட்டில், வெட்டு மேசை என்று கைமாறிக்கொண்டேயிருந்தது. எங்கே தூக்கினாலும் இரண்டு கால்களும் காற்றில் உதைத்துக்கொண்டேயிருந்தன, நடுக்கடலில் நீந்துகிற மாதிரி. போன வாரம் கட்டிலிலிருந்து எட்டிக் கையை நனைத்து வாயில் வைத்துவிட்டு, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றிக்கொண்டு கிடந்தது. புறங்கையில் இன்னும் பிளாஸ்திரி ஒட்டிய கறை.

"ஆபீஸ்ல கேட்டியா?" என்றாள் அக்கா.

"கேட்டேன்க்கா. தோண்டறதுக்கு அனுமதி கமிட்டிதான் குடுக்கணும். கமிட்டி இனிமே மூணு மாசம் கழிச்சுத்தான் கூடும்."

"மூணு மாசத்துல இவ தவழாமலே நடந்து ஆபீஸ் போயிடுவா." அக்கா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "நகராட்சி ஆளுங்க ரெண்டு தடவை வந்தாங்க. கடப்பாரையெல்லாம் எடுத்துட்டுத்தான் வந்தாங்க. முனையில நின்னு அந்தப் பலகையப் படிச்சாங்க, அப்படியே திரும்பிட்டாங்க. என் நேரம், படிக்கத் தெரிஞ்ச ஆளுங்களா வந்து வாய்ச்சிருக்காங்க."

"மெதுவா பேசு," என்றார் மாமா.

"எதுக்கு மெதுவா? மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கறது சின்னம், சரி. இந்தச் சந்துல என்ன இருக்கு சின்னம்? எவன்டி இதை உள்ள சேர்த்து வரைஞ்சான்? அவன் வீட்டு நடுக்கூடத்துல இதே மாதிரி நிக்கணும். அவன் சோறு திங்கறப்ப இந்த நாத்தம் அவன் தட்டுல ஏறணும்."

தங்கை குழந்தையின் குதிகாலைப் பிடித்துத் தடவிக்கொடுத்தாள். ஒரு கீறல் இல்லாமல், அழுக்கில்லாமல், தரையையே தொடாத குதிகால்.

வரைந்தது அவள்தான்.

அது நடந்த விதம் இப்படி. நாற்பது நாள் வீட்டுக்காக அவள் முதலில் போட்ட படத்தில் எல்லைக்கோடு முடி அளவு மெலிசு. சரியாக மதிலின் வெளிப்புறத்தோடு போனது. அதில் ஒரு குற்றமும் கிடையாது. பிறகு விழா வந்தது. மந்திரி மேடையில் படத்தில் கையெழுத்துப் போட்டு, இந்த இடம் இனி நாட்டுக்குச் சொந்தம் என்று அறிவிப்பதாக ஏற்பாடு. முந்தின நாள் இயக்குநர் அவள் மேசைக்கு வந்தார். அலுவலகத்தில் அவருக்கு அத்தர் என்று பெயர். ஆள் வருவதற்கு இரண்டு நிமிடம் முன்பே வாசனை வந்துவிடும், போன பிறகும் மதியம் வரை போகாது.

"இந்தக் கோடு கடைசி வரிசையில உக்காந்திருக்கறவனுக்குத் தெரியுமாம்மா? நல்லா சிவப்பா, தடிமனா போடுங்க. கட்டிடம் மட்டும் மறையக் கூடாது."

கட்டிடம் மறையக் கூடாது என்பதால் தடிமன் முழுவதையும் வெளிப்பக்கமாகத் தள்ளி நாலு மில்லிமீட்டருக்குச் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தாள். மேடைக்கான படம்தானே என்று நினைத்தாள். ஆனால் மந்திரியின் கையெழுத்து அதில்தான் விழுந்தது. கையெழுத்துள்ள தாளை விட்டுவிட்டு வேறு தாளை அரசிதழுக்கு அனுப்ப ஒருவருக்கும் துணிச்சலில்லை. சட்டத்தில் ஒரு வரி உண்டு: கோட்டின் வெளிவிளிம்பே எல்லை. அந்தப் படத்தின் கணக்கில் நாலு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் பத்து மீட்டர். சந்தும், பதினேழு வீடுகளின் முன்கூடங்களும் ஒரே ராத்திரியில் வரலாறாகிவிட்டன.

அக்கா வீட்டுக்குப் போய் வந்த மறுநாள் காலை அவள் அத்தரின் அறைக்குப் போய் இதையெல்லாம் சொன்னாள். கோடு தப்பு, அரசிதழில் திருத்தம் போடலாம் என்றாள். அவர் நாற்காலிக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருந்தது அவரே எழுதிய வாசகம்: 'இந்நாட்டில் தூய்மை என்ற எண்ணம் முதன்முதலில் செங்கல்லாக மாறிய இடம்.'

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அதுதான் அவரிடம் பயப்பட வேண்டிய விஷயம்.

"அரசிதழ்ல வந்தது தப்புன்னு நாமளே ஒரு தடவை எழுதிக் குடுத்தோம்னு வைங்க, நாளைக்கு நாட்டுல இருக்கற ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒருத்தன் வக்கீலோட வருவான். கோடு தடிமன், கோடு கோணல்னு. அப்புறம் ஒரு மதிலும் மிஞ்சாது. நான் சொல்றது பொய்யா?"

பொய்யில்லை. அது அவளுக்கும் தெரியும்.

"உங்க அக்கா வீடு எத்தனாவது?"

"அஞ்சாவது சார்."

"அந்த ஒரு வீட்டுக்கிட்ட மட்டும் கோட்டைக் கொஞ்சம் உள்ள தள்ளிடுங்க. சின்னதா, ஒரு பல் மாதிரி. அச்சுல மை சரியாப் பரவலன்னு சொல்லிக்கலாம். அவங்க வாசப்படிய ஒரு அடி உசத்திக் கட்டிக்கட்டும். தண்ணி உள்ள வராது."

"எங்க போகும் சார்?"

"பக்கத்து வீட்டுக்குப் போகும்," என்றார், மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல். "தண்ணிக்கு என்ன, எங்கயாவது போகும்."

அவள் தன் மேசைக்கு வந்து அந்தப் பல்லை வரைந்தாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஐந்தாவது வீட்டைச் சுற்றிக் கோடு கச்சிதமாக உள்ளே போய் வெளியே வந்தது. முனைகள் கூர்மையாக இருந்தன. அழகாகவே வந்திருந்தது. அதைப் பார்த்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டாள். கழிவறை முழுக்க அத்தரின் வாசனை. சாக்கடையே தேவலை என்று ஒரு நொடி தோன்றியது.

இருந்தும் கெட்டி அட்டைத்தாளில் அச்சிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மாலையில் சந்துக்குக் கிளம்பினாள். குழந்தைக்காகத்தான் என்று வழி நெடுகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நாலாவது கல்லில் கால் வைக்கப் போனபோது எதிரிலிருந்து ஒரு கை நீண்டது. ஆறாவது வீட்டு அம்மா. "இந்தக் கல்லு ஆடும் கண்ணு, அடுத்ததுல வை," என்று அவள் கையை இறுக்கிப் பிடித்துக் கடத்திவிட்டாள். அந்தக் கை பிளீச்சிங் பவுடர் வாசனை அடித்தது. விரலிடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. பையிலிருந்த படத்தின்படி அந்த அம்மாவின் கூடத்துக்குத்தான் தண்ணீர் போக வேண்டும். அவளுக்கு அந்தக் கையைவிட்டு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது.

சந்து முனையில் சத்தம் கேட்டுத் திரும்பினாள். நகராட்சியின் சாக்கடை மேஸ்திரி மூன்றாம் தடவையாக வந்திருந்தார். மாமா போய்க் காலில் விழாத குறையாகக் கூப்பிட்டு வந்திருந்தார்.

"தோண்டத்தான தடை? குத்தறதுக்குத் தடையில்லையே," என்றார் மேஸ்திரி. பெரிய தெருவின் மேன்ஹோல் மூடியைத் திறந்து, நீண்ட இரும்புப் பட்டையை வளைத்து வளைத்துக் குழாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தார். முழங்கை வரை கருப்பாக இருந்தது. அந்தக் கையாலேயே நெற்றி வியர்வையைத் துடைத்தார். "நல்லா போகுது, போகுது... இந்தா, நின்னுடுச்சு. மண்ணுன்னா மெத்துனு இருக்கும். இது டங்குங்குது."

பட்டையில் ஒரு துணியைக் கட்டி அடையாளம் வைத்து வெளியே இழுத்தார். பிறகு, குழாய் போகிற திசையிலேயே தரைமேல் அதை நீட்டி வைத்தார். அதன் முனை போய்த் தொட்ட இடம் நீலப் பலகையின் இரும்புக் கால்.

மாமா வாயைத் திறந்தபடி நின்றார். மேஸ்திரி பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இதுக்கு அடில எவ்வளவு ஆழம் மேடம்?"

"நாலு அடி," என்றாள். "கான்கிரீட்."

அவளுக்குத் தெரியாமலா? அதன் மாதிரிப் படத்தைப் போட்டவளும் அவள்தான். எங்கே நட வேண்டும் என்று இடச்சீட்டு எழுதிக் கொடுத்தவளும் அவள்தான்: 'எல்லைக்கோட்டின் வெளிவிளிம்பில், சந்து முனையில்.' கோடு மதிலோடு இருந்திருந்தால் பலகையும் மதிலோடு நின்றிருக்கும். கோடு பத்து மீட்டர் தள்ளி வந்தது; பலகையும் கூடவே தள்ளி வந்து குழாயின் நடு வயிற்றில் இறங்கிவிட்டது. ஐந்து வாரமாக அவள் பிடித்துக்கொண்டு நின்றதே இந்தக் காலைத்தான். அடைத்ததும் அவள் கோடு, அடைப்பை எடுக்க விடாததும் அவள் கோடு.

"என்னைக்கு நட்டாங்க இதை?" என்று மேஸ்திரி மாமாவிடம் கேட்டார்.

"ஒரு செவ்வாக்கிழமை. தண்ணி வந்தது புதன்," என்றார் மாமா மெதுவாக. இருவரும் அவளைப் பார்க்காமல் பெருச்சாளியைப் பார்த்தார்கள்.

அன்றிரவு படுக்கையில் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. தோண்டத்தான் கமிட்டி வேண்டும். பலகை சின்னமல்ல, துறையின் தளவாடம். நாற்காலி, மேசை, மின்விசிறி இருக்கிற அதே பதிவேட்டில்தான் பலகையும் இருக்கிறது. அதை இடம் மாற்ற ஒரு மஞ்சள் இடச்சீட்டு போதும். சீட்டில் கையெழுத்துப் போடும் அதிகாரம் வரைவாளருக்கு, அதாவது அவளுக்கு. பலகையைப் பிடுங்கினால் பள்ளம் தானாக வரும்.

காலையில் பதிவறையில் சீட்டுப் புத்தகம் கேட்டபோது, பதிவறை அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். முப்பது வருடம் கோப்புத் தூசி தின்றவர்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கும்மா. 'நிர்வாகக் காரணம்'னு போட்டுட்டுப் போ. யாரும் கேக்க மாட்டாங்க."

"திரும்ப எங்க நடணும்னு எழுதணுமேண்ணே. மதிலோட நடணும்னா கோடு மதிலோட இருக்கணும்."

"அதை எழுதினா உன் தலையிலதான் விடியும்."

"தெரியும்."

அவள் எழுதினாள்: 'எல்லைக்கோடு என்னால் தவறாகத் தடிமனாக வரையப்பட்டது. உண்மையான எல்லை மதிலின் வெளிப்புறம்.' அண்ணன் படித்துவிட்டு, "கையெழுத்தாவது கொஞ்சம் கிறுக்கலாப் போட்டிருக்கலாம்," என்று முணுமுணுத்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

மறுநாள் மேஸ்திரியும் ஆட்களும் எட்டு மணிக்கே தொடங்கிவிட்டார்கள். பலகையைச் சாய்த்து, சங்கிலி போட்டு இழுத்தபோது கான்கிரீட் பாதம் பல்லைப் பிடுங்கியதுபோல் வெளியே வந்தது. உடைந்த குழாயின் ஒரு துண்டு காலில் வளையல் மாதிரி அதைச் சுற்றி மாட்டியிருந்தது. பின்னாலேயே ஐந்து வாரத்துச் சந்து மொத்தமும் ஏப்பம் விட்டது. அந்த நாற்றத்துக்கு உருவம் இருந்தது. முகத்தில் வந்து அறைந்தது. அவள் மதிலில் கை ஊன்றிக் குனிந்து காலைச் சாப்பாட்டைக் கொட்டினாள். வரலாற்றுச் சின்னத்தின் அடியிலேயே. ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை.

பத்து மணிக்கு அத்தர் வந்தார், மூக்கில் கைக்குட்டையோடு. இந்தச் சந்துக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை. வந்ததும் கண்ணில் பட்டது குழாய்த் துண்டு. முகம் மலர்ந்தது.

"இது எந்தக் காலத்துக் குழாய்? பழசா?"

"முப்பது வருசம் சார். நகராட்சிக் குழாய்," என்றார் மேஸ்திரி.

மலர்ந்தது அப்படியே வாடிவிட்டது. அவள் சீட்டின் நகலை நீட்டினாள். அவர் படித்து முடித்துவிட்டு, கைக்குட்டையை எடுக்காமலே பேசினார்.

"காரணத்தை மாத்திடுங்க. பலகை நட்ட ஆளுங்க இடம் தவறி நட்டுட்டாங்கன்னு எழுதுங்க. கூலி ஆளுங்க, அவங்களுக்கு இதனால ஒண்ணும் ஆகப் போறதில்லை."

"அடுத்த வேலை கிடைக்காது சார் அவங்களுக்கு."

"உங்களுக்கும்தான்," என்றார்.

அவள் அவர் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு வெள்ளை. முப்பத்தேழாம் நாளோடு நின்றுபோன அந்தக் கணக்கு ஏனோ ஞாபகம் வந்தது. "சீட்டுல முத்திரை விழுந்தாச்சு சார்," என்றாள்.

அவர் திரும்பி, சந்தைப் பார்வையிடுகிறவர்போல் செங்கல் வழியில் உள்ளே நடந்தார். நாலாவது கல்லில் கால் வைத்தார். கல் ஆடியது. முழங்கால் வரை உள்ளே போய்விட்டது.

"அந்தக் கல்லு ஆடும் சார்," என்றாள் ஆறாவது வீட்டு அம்மா வாசலில் நின்று, நிதானமாக.

மதியத்துக்குள் புதுக் குழாய் மாட்டினார்கள். சந்து கொடகொடவென்று ஒரு பெரிய மூச்சை இழுத்து வடிந்தது. மிஞ்சியது கருப்பு வண்டல், மெழுகிய மாதிரி எல்லாவற்றின் மேலும். பெருச்சாளியை மேஸ்திரியே மண்வெட்டியில் எடுத்துப் போனார். மூன்று மணிக்குப் பதிவறை அண்ணன் ஒரு உறையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முகம் பார்க்காமல் போனார். மறு உத்தரவு வரும்வரை பணிக்கு வர வேண்டாம் என்று அதில் இருந்தது. அவள் இரண்டு தடவை படித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அக்கா கூடத்தை மூன்று தடவை கழுவியிருந்தாள். தங்கை போனபோது தரை ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. மாமா மெஷினின் அடியிலிருந்து செங்கற்களை உருவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து ஏதோ வேலை இருப்பதுபோல் வெளியே போய்விட்டார். சந்தில் பேசியது எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அதிலேயே தெரிந்தது. குழந்தை அக்காவின் இடுப்பில் இருந்தபடி தரையைப் பார்த்துக் காலை உதைத்தது.

"இறக்கி விடலையாக்கா?"

அக்கா குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எவன் வரைஞ்சான்னு அன்னைக்குக் கேட்டேன். பக்கத்துல உக்காந்து இவ காலைத் தடவிக்கிட்டு இருந்த."

"ஆமா."

"ஆஸ்பத்திரியில மூணு நாள் கூட இருந்த. அப்பவும் சொல்லலை."

"சொல்லலை."

அக்காவின் மூக்கு நுனி சிவந்தது. அழப் போகிறாள் என்று நினைத்தாள், அழவில்லை. "பையக் கழட்டு," என்றாள். "செருப்பையும்."

கழற்றினாள்.

"இங்கேருந்து சமையக்கட்டு வரைக்கும் நட."

வெறுங்காலோடு நடந்தாள். தரை ஜில்லென்றிருந்தது. சோப்பு வாசனைக்கு அடியில் அந்தப் பழைய வாசனை, ஒளிந்துகொண்டு, அவளுக்காகவே காத்திருந்தது. ஏழாவது அடியில் இரண்டு கல்லுக்கு நடுவிலிருந்த இடுக்கில் கால்விரல் பதிந்தது. ஏதோ கொழகொழவென்று பிதுங்கி விரல்களுக்கிடையில் ஏறியது. முதுகுத்தண்டு வரை கூசியது. காலைத் தூக்கவில்லை.

"என்ன?" என்றாள் அக்கா.

"இங்க இன்னும் இருக்கு."

அக்கா பிரஷையும் வாளியையும் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டு, குழந்தையோடு கட்டிலில் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தங்கை மண்டியிட்டாள். பிரஷ் இடுக்குக்குள் போகவில்லை. சுற்றிலும் பார்த்தாள், பிறகு பையைத் திறந்து அந்தப் படத்தை எடுத்தாள். ஐந்தாவது வீட்டைச் சுற்றிப் போகும் அந்தப் பல் அழகாகத்தான் இருந்தது. நல்ல கெட்டித் தாள். நாலாக மடித்து, முனையை இடுக்கில் நுழைத்து, அடியிலிருந்த கருப்பைத் தோண்டி வாளியில் போட ஆரம்பித்தாள்.